தெரு அடங்கிய நேரம்

வடக்குப்பட்டு சர்ச்சின் உபதேசியார் தாவீதுக்கு 1991-ஆம் வருஷம் ஐப்பசியில் ஒரே ஒரு கவலைதான் இருந்தது. சத்தமில்லாத ஒரு டேப் வேண்டும்.

இருபது வருஷமாக அவர் நடத்தி வந்த 'விதைப்பு வேளை' என்கிற வானொலி நிகழ்ச்சியைச் சென்னையில் இருக்கும் சபை அலுவலகம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளப் பார்த்தது. அங்கே ஏசி போட்டு, சுவருக்கெல்லாம் மெத்தை ஒட்டி, புதிதாக ஒலிப்பதிவுக் கூடம் கட்டியிருந்தார்கள். கட்டிய கூடம் சும்மா இருந்தால் கட்டியவர்களுக்குத் தூக்கம் வருமா? அலுவலக மேலாளர் வசந்தகுமார் ஜீப்பில் வந்து இறங்கி, "உங்க டேப்புல சுவிசேஷத்தைவிட லாரிச் சத்தம்தான் தெளிவா கேக்குது, பிரதர்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இருபதாம் ஆண்டுச் சிறப்பு நிகழ்ச்சியின் டேப்பைக் கமிட்டி கேட்கும். அது சுத்தமாக இருந்தால் நிகழ்ச்சி வடக்குப்பட்டிலேயே இருக்கும். இல்லையென்றால் ஜனவரியிலிருந்து சென்னை.

தாவீது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவட்டமாக இந்த ஊருக்கு வந்தவர். அந்த வாராந்திர அரைமணி நேரத்தை எடுத்துவிட்டால் தன்னிடம் மிச்சம் இருப்பது சர்ச் சாவியும் முழங்கால் வலியும்தான் என்று அவருக்குத் தெரியும். சென்னைக்குப் போனால் அங்கே படித்த குரல்கள் ஆயிரம் இருக்கும். இவரை யார் மைக் முன்னால் உட்கார வைப்பார்கள்?

நிகழ்ச்சி பிறந்த கதையே வேடிக்கையானது. எழுபத்தொன்றில் ஒரு மிஷனரி அம்மாள் சொந்த தேசத்துக்குத் திரும்பும்போது, தூக்க முடியாத கனத்தில் இருந்த ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டரை சர்ச்சுக்கு விட்டுவிட்டுப் போனார். சபை அலுவலகம் கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு தீவில் இருந்த வானொலி நிலையத்தோடு பேசி, கிராமத்து மக்களுக்காக வாரம் அரைமணி நேரம் வாங்கியது. சர்ச்சுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையின் சுவர்களில் தாவீது சாக்குப் பைகளை அடித்தார். ஜன்னலுக்குப் பழைய ரஜாய்ப் போர்வையைத் தொங்கவிட்டார். சித்திரை மாதத்தில் அந்த அறைக்குள் பிரசங்கம் செய்துவிட்டு வெளியே வந்தால் ஏரியில் முங்கி எழுந்தவர் போல இருப்பார். இரண்டு பாட்டு, ஒரு குட்டி நாடகம், பயிருக்குப் பூச்சி விழுந்தால் என்ன செய்வது என்று ஐந்து நிமிஷம், அப்புறம் வேத வார்த்தை. ஊரில் முக்கால்வாசிப் பேர் இந்துக் குடும்பங்கள். அவர்கள் பூச்சி மருந்துக்காக ரேடியோவைத் திருப்பி, எழுந்து போய் அணைக்கச் சோம்பல்பட்டு வேத வார்த்தையையும் கேட்டார்கள். தாவீதுக்கு அதில் வருத்தம் இல்லை. எந்த வழியாக வந்தால் என்ன?

பதிவான டேப் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்து ஒலிபரப்பாக ஒன்றரை மாதம் ஆகும். ஒரு வருஷம் ஏரி காய்ந்து கிடந்தபோது மழைக்காக உருக்கமாக ஜெபித்தார். அது ஒலிபரப்பான அன்று ஏரிக்கரை உடைத்துக்கொண்டு ஓடியது. "உங்க ஜெபம் லேட்டா வந்தாலும் ஸ்ட்ராங்கா வருது, உபதேசியாரே" என்று டீக்கடை புருஷோத்தமன் பல வருஷத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அதைவிடப் பெரிய கூத்து முதல் வருஷமே நடந்துவிட்டது. சர்ச்சுக்கு எதிர்வீட்டு மீனம்மாளுக்கும் அடுத்த வீட்டுப் பாஞ்சாலிக்கும் ஒரு கோழியை வைத்துச் சண்டை. மீனம்மாளுக்குச் சும்மாவே குரல் கணீரென்று இருக்கும். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரியைத் தொடங்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் குரலில் அவள் பாஞ்சாலியின் மூன்று தலைமுறையையும் இழுத்த நேரத்தில் உள்ளே பதிவு நடந்துகொண்டிருந்தது. டேப்பைத் திரும்பப் போட்டுக் கேட்ட தாவீதுக்கு அது உறைக்கவே இல்லை. அந்தத் தெருவில் குடியிருக்கிறவன் காதுக்குச் சண்டை ஒரு சத்தமாகவா படும்? டேப் போய்விட்டது. சிங்கப்பூரில் வேலை செய்த பாஞ்சாலியின் அண்ணன் லீவில் வந்தபோது தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னார்: "மன்னிப்பப் பத்தி உபதேசியார் பேசிக்கினு கீறாரு, பின்னாடி நம்ம கோயி கதை ஓடுது. என் ரூம்ல பதினாலு பேரு கேட்டானுங்க."

தெருவுக்கே மானம் போயிற்று. மீனம்மாளின் அப்பா சுப்பிரமணி ஊரில் சொல்லுக்கு மரியாதை உள்ள விவசாயி. சர்ச்சுக்குள் அவர் காலெடுத்து வைத்ததில்லை, வைக்கிற எண்ணமும் இல்லை. ஆனால் மறுநாளே தாவீதைக் கூப்பிட்டார். "நீ பேசற நேரம் எங்களுக்கு எப்பிடித் தெரியும்? வாசக் கம்பத்துல எதுனா ஒண்ணு கட்டு. அது தொங்கற வரைக்கும் தெரு வாயத் தொறக்காது" என்றார்.

அன்றிலிருந்து சிவப்புத் துண்டு. சனிக்கிழமை காலை அது கம்பத்தில் ஏறினால் உரல் நிற்கும், ஆட்டுக்கல் நிற்கும், சேவல் கூடைக்குள் போகும், மாட்டு மணிக்குள் வைக்கோல் திணிக்கப்படும். கைப்பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துவிடுவார்கள். காலையிலேயே தண்ணி போட்டவனை ஏரிப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். மதம் மாறச் சொல்லி யாரும் அந்தத் தெருவை அசைத்துவிட முடியாது. அடங்கச் சொன்னதற்கு மட்டும் அது இருபது வருஷம் அடங்கியது.

இப்போது வந்த தொல்லை லாரி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன என்ற பேச்சு கிளம்பியதும் ஏரி மண்ணும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு லாரிகள் இந்த வழியாகப் பறந்தன. துண்டுக்கு லாரி கட்டுப்படுமா? ஆகவே தாவீது சிறப்புப் பதிவுக்கு முந்தின வாரம் வீடு வீடாகப் போனார். இந்த ஒரு டேப் கெட்டால் நிகழ்ச்சி சென்னைக்குப் போய்விடும் என்று எல்லாரிடமும் சொன்னார். சுப்பிரமணி அப்போது படுக்கையில் இருந்தார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தலைமாட்டில் இருந்த மீனம்மாளிடம், "அப்பா குணமாகட்டும், உங்ககிட்ட அப்புறமா சொல்லுதேன்" என்று திரும்பப் பார்த்தார். "சொல்லுங்க, காது நல்லாத்தான் கீது அவருக்கு" என்றாள் மீனம்மாள். தாவீது சொன்னார். சுப்பிரமணி கண்ணை மூடித் திறந்தார். லாரிகளைத் தான் பார்த்துக்கொள்வதாகப் புருஷோத்தமன் வாக்குக் கொடுத்தார். கூட்டுரோட்டிலேயே மறித்து, டிரைவர்களை உட்கார வைத்து டீ கொடுப்பதாக ஏற்பாடு.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. டேப் மிஷினை இயக்குகிறவன் உதயசூரியன். சேரப்பணஞ்சேரியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். பெயர் அவன் அப்பா வைத்தது. கட்சிக்காரர், சாமி இல்லை என்று மேடை மேடையாகப் பேசியவர். அவர் மகன் வாரா வாரம் ஆண்டவருடைய வார்த்தைக்கு வால்யூம் வைத்துக்கொண்டிருந்தான். அந்த வருஷம் மே மாதத்தில் குண்டு வெடித்த பிறகு வயர் தொங்கும் பெட்டியோடு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிறவனைப் போலீஸ் சும்மா விடுவதில்லை. அவனை இரண்டு தடவை பஸ்ஸிலிருந்து இறக்கி டேப்பைப் போட்டுக்காட்டச் சொன்னார்கள். இரண்டாம் தடவை ஒரு ஏட்டு நெல்லுக்குப் பூச்சி மருந்து கேட்டு அனுப்பினார். அப்படிப்பட்ட உதயசூரியன் அன்று துண்டைக் கட்டிவிட்டு வந்து கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டி, விரலை உயர்த்தினான்.

தாவீது நிகழ்ச்சியின் வரலாற்றை எழுதி வைத்திருந்தார். எழுதி வைத்ததில் யார் யார் இருந்தார்கள் என்றால், இடம் கொடுத்த பிஷப், அவருக்கு அடுத்து வந்த பிஷப், ஜெனரேட்டர் கொடுத்த டாக்டர் அம்மா, கமிட்டித் தலைவர்கள் வரிசையாக. கமிட்டி கேட்கப் போகிற டேப் அல்லவா. ஒரு பிஷப்பின் பட்டங்களைச் சொல்லும்போது நாக்குத் தடுமாறியது. மறுபடி ஆரம்பித்தார். இரண்டாவது தடவை நன்றாகத்தான் வந்தது. அவருக்குத் திருப்தியில்லை, இன்னும் கம்பீரமாக வேண்டும் என்று தோன்றியது. மூன்றாவது தடவையும் வாசித்தார். அரைமணி வேலை வெயில் ஏறுகிற வரைக்கும் இழுத்தது. வெளியே ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

"சார், இப்பிடி ஒரு டேப்பு நம்மகிட்ட வந்ததே இல்ல" என்றான் உதயசூரியன், ஹெட்போனைக் கழற்றி. "ஊசி வுழுந்தா கேக்கும். மெட்ராஸ்ல கூட இந்த மாதிரி வராது."

தாவீதுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டேப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். எதிர்வீட்டு முன்னால் தெருவே கூடி நின்றது. தன்னை வாழ்த்தத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிச் சிரித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் அசையவும் இல்லை. உதயசூரியன் போய்த் துண்டை அவிழ்த்தான்.

அவிழ்த்த அந்த நொடியில் வீட்டுக்குள்ளிருந்து பெண்களின் அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது.

தாவீது பெட்டியோடு ஓடினார். நடுவீட்டில் சுப்பிரமணியைத் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. சுற்றிலும் பெண்கள், ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, இவ்வளவு நேரம் வாயில் திணித்திருந்த முந்தானையை இப்போதுதான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாஞ்சாலியின் முந்தானையில் பல் பதிந்த இடம் ஈரமாக இருந்தது.

"எப்போம்யா?" என்று கேட்டார்.

"நீங்க துண்டு கட்டின கொஞ்ச நேரத்துல பூட்டாரு" என்றார் புருஷோத்தமன்.

"கதவத் தட்டியிருக்கலாம்லா. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"துண்டு தொங்கிக்கினு கீதே உபதேசியாரே. மீனம்மாதான் எல்லாரையும் வாய மூடச் சொல்லி கைய காட்டிச்சி."

மீனம்மாள் அப்பாவின் நெற்றியில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். "போன உசுரு போயிடுச்சு" என்றாள். "கொஞ்ச நேரம் கழிச்சி அழுதா இன்னா, கொறஞ்சா பூடும்? உங்க டேப்பு கெட்டா திரும்பி வராது." அந்தக் குரல் அவளுடையதாகவே இல்லை. தேய்ந்து, காற்றாக வந்தது.

ஒப்பாரியைத் தொடங்க எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள். தொண்டை நரம்பு புடைத்ததே தவிர ஒன்றும் வரவில்லை. கடைசியில் பாஞ்சாலி தொடங்கினாள். ஊரில் அத்தனை சாவுக்கும் பாடியவள் பெற்ற அப்பனுக்கு ஒரு வரி பாடாமல் உட்கார்ந்திருந்தாள். தாவீதுக்கு அந்த மூன்றாவது தடவை நினைவுக்கு வந்தது. நன்றாக வந்த இரண்டாவது தடவையோடு நிறுத்தியிருந்தால் அவள் அவ்வளவு நேரம் அடக்கியிருக்க வேண்டியதில்லை. கம்பீரம் வேண்டுமாம், கம்பீரம்.

அவர் திரும்பி நேராகப் பதிவு அறைக்குப் போனார். உதயசூரியனிடம், "கடைசியில பிஷப்மார் பேரெல்லாம் வருதுல்லா, அதை அழிச்சிரு. அந்த இடத்துல நான் வேற பேசணும்" என்றார். ஜன்னலில் தொங்கிய ரஜாயைப் பிடுங்கி எறிந்தார். தெருவில் சாவு மேளம் வந்துவிட்டது. அறைக்குள்ளேயே யாரோ அடிப்பது போல அதிர்ந்தது.

"சார், மேளம் முழுக்க வுழும்" என்றான் உதயசூரியன். "கமிட்டி இத்த கேட்டா அவ்ளோதான், தூக்கிக்கினு பூடுவாங்க. தங்கமாட்டம் டேப்பு சார் இது. சாயங்காலம் பஸ்ஸுக்குக் குடுத்தாகணும், நாளைக்கு வச்சிப் பேசவும் டைம் இல்ல."

"தெரியும்டே. ரெக்கார்ட் பண்ணு."

இந்த முறை அவர் எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. ஒரே தடவைதான் பேசினார். பேசி முடித்துவிட்டு, சுப்பிரமணியைத் தூக்கிக்கொண்டு போனவர்களோடு ஏரிக்கரை வரைக்கும் வெறுங்காலோடு நடந்தார். டேப்பைச் சாயங்கால பஸ்ஸில் உதயசூரியன் எடுத்துப்போனான்.

பத்து நாள் கழித்து ஜீப் வந்தது. வசந்தகுமார் உட்காரக்கூட இல்லை. "சபை நிகழ்ச்சியில சாவு மேளமா, பிரதர்? பிஷப்மார் பேரெல்லாம் எங்கே போச்சு?" என்றார். வேறு டேப் அனுப்ப நேரமில்லாததால் அதையே ஒலிபரப்ப அனுப்பிவிட்டார்களாம். நிகழ்ச்சி ஜனவரியிலிருந்து சென்னை. தாவீது மாதம் ஒரு தடவை வந்து பூச்சி மருந்துப் பகுதியை மட்டும் வாசிக்கலாம். தாவீது தலையாட்டினார். எதிர்பார்த்த அடிதான், ஆனாலும் ஜீப் போன பிறகு அந்தச் சாக்குச் சுவர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். பிஷப் பெயர்களை அழிக்காமல் விட்டிருக்கலாமே என்று ஒரு தடவைகூடத் தோன்றாததுதான் அவருக்கே அதிசயம்.

தெருவுக்கு அவர்தான் போய்ச் சொன்னார். இனிமேல் யாரும் உலக்கையை நிறுத்த வேண்டாம், இருபது வருஷம் உங்களைக் கஷ்டப்படுத்திவிட்டேன் என்றார்.

"இன்னா கஷ்டம்?" என்றாள் பாஞ்சாலி. அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "வாரத்துல அந்த அரைமணி நேரந்தான் எங்களுக்குன்னு இருந்திச்சி. மாவாட்டுன்னு சொல்ல மாமியாக்கு வாய் கெடையாது. தண்ணி எங்கன்னு கேக்க வூட்டுக்காரருக்கு வாய் கெடையாது. துண்டு ஏறினா நான் கால நீட்டிச் சாஞ்சிக்குவேன். இனிமே யாரு எங்கள சாய வுடுவாங்க, சொல்லுங்க?"

மற்ற பெண்களும் ஆமாம் என்றார்கள். தாவீது அவர்களுக்குக் கொடுத்ததாக நினைத்தது வேத வார்த்தையை. அவர்கள் அவரிடம் வாங்கிக்கொண்டது வேறு. அதற்காக ஆண்டவருக்கு அவர் அன்று இரவு உணவுக்கு முன் தனியாக ஒரு நன்றி சொன்னார்.

மார்கழி பிறப்பதற்கு முன்னாலேயே அந்தச் சிறப்பு நிகழ்ச்சி ஒலிபரப்பானது. சாயங்காலம் விளக்கு வைத்த நேரம். மீனம்மாள் வீட்டில் காரியமெல்லாம் முடிந்திருந்தது. அவள் வாசலிலேயே கேட்கலாம் என்று தெரு முடிவு செய்தது. உதயசூரியன் கடையிலிருந்து பெரிய ரேடியோவைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்து, முருங்கை மரத்துக்கு ஏரியல் வயர் இழுத்தான். மீனம்மாள் கதவுக்கு அருகில் உட்கார்ந்தாள். அப்பா போனதிலிருந்து அவள் உரக்கப் பேசவில்லை. தொண்டைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடுவில் இரண்டு சாவு விழுந்தது, பாட வரவில்லை என்று கும்பிட்டுவிட்டாள். தாவீது அவளைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்.

பாட்டு வந்தது. பிறகு வரலாறு வந்தது. மிஷனரி அம்மாள், ஸ்பூல் மிஷின், மழை ஜெபம். மழைக்குப் புருஷோத்தமன் சிரித்தார். அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. அதன் பின் திடீரென்று தெருவே ரேடியோவுக்குள் வந்துவிட்டது. மேளம்.

மேளத்துக்கு மேலே தாவீதின் குரல் பேசியது. "இந்த நிகழ்ச்சியை இருபது வருஷமாகத் தாங்கினவர்களின் பெயரை நான் இதுவரை சொன்னதே இல்லை. அவர்கள் என் சபையார் அல்ல. எதிர்வீட்டுச் சுப்பிரமணி ஐயா இன்று காலமானார். நான் இங்கே பேசிக்கொண்டிருந்தேன் என்பதற்காக அவருடைய மகள் தன் அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீங்கள் கேட்கிற இந்த மேளம் அவருக்கானது. இதை நான் அடக்கமாட்டேன். நேயர்களே, இந்தத் தெருவுக்கு நான்..."

"என்னப் பெத்த அப்பா."

வாசலில் இருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். மீனம்மாள் எழுந்து நின்றிருந்தாள். பழைய குரல், கணீரென்ற அதே குரல், உள்ளே எத்தனை நாள் கிடந்ததோ, முழுசாக வெளியே வந்தது.

"ஏரி மடை தொறந்து வச்சி எங்கப்பா போனாயோ, எட்டிப் பாத்து அழுவ எனக்குக் குரலில்லாமப் போனதய்யா..."

பாஞ்சாலி ஓடிப்போய் அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். ரேடியோவில் தாவீது தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். ஸ்டூல் அருகில் இருந்த தாவீது எழுந்து, கையை நீட்டி, அதை நிறுத்தினார்.

"சார், இன்னும் நெறய கீது" என்றான் உதயசூரியன் மெதுவாக. "நீங்க நன்றி சொல்றதே இனிமேதான் வரும். இருபதாம் வருஷ டேப்பு சார்."

"கெடக்கட்டும்டே" என்றார் தாவீது. "அவ பாடட்டும்."

கடலுக்கு அப்பால் எங்கெங்கோ அந்த நிகழ்ச்சி ஓடி முடிந்திருக்கும். வடக்குப்பட்டில் அதை யாரும் கேட்கவில்லை. தாவீது தரையில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து, மீனம்மாள் பாடி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்தார்.